அக்காவுக்கு அரைப் பேர்

காலையில் எங்கள் வீட்டில் சேவல் கூவுவதில்லை. நான்தான் கூவுவேன்.

"பெரட்டு! பெரட்டு! ஆளு வந்திருக்கா?"

ஒரு கையில் அக்காவுக்கான சாயத்தண்ணி, அதாவது பாலில்லாத வெறுந்தேநீர், மறு கையில் இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவி. அவளுடைய அறை வாசலில் நின்று, எங்கள் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளையின் மூக்கடைத்த குரலில் கத்துவேன். உள்ளே கட்டில் கிறீச்சிடும். பிறகு பதில் வரும்.

"வந்தாச்சுங்க ஐயா."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அதுவரைக்கும் என் முகம் ஒரு நிறத்துக்குப் போய்விடும் என்று என் மனைவி சொல்வாள். நான் கட்டுகஸ்தோட்டையில் பெயின்ட் கடையில் வேலை செய்பவன். அப்படி ஒரு நிறத்துக்கு எங்கள் கடையில் டின் கிடையாது.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிந்தும் விடியாமலும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவது. பன்விலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில்தான் அக்காவும் நானும் பிறந்தோம். எனக்குப் படிப்பும் வரவில்லை, கொழுந்தும் வரவில்லை. டவுனுக்கு ஓடி வந்துவிட்டேன். அக்கா குமரியாக இருந்த காலத்திலிருந்து வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் அந்தப் பெரட்டில் நின்றவள். மழையோ பனியோ, பெயர் கூப்பிட்டால் வந்தாச்சு என்பாள்.

மச்சான் இறந்த பிறகு லயத்தில் தனியாக இருந்தாள். நான் போன் எடுத்தால் "நல்லா இருக்கேன்டா" என்பாள். ஒரு நாள் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, அக்கா எழும்புவதில்லை, சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது படுத்தபடி என்றார்கள். போய்ப் பார்த்தேன். சீனி வருத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை உறை பிரிக்காமல் கிடந்தது. காலில் ஒரு புண். அது வந்ததே அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அக்கறை இல்லை.

ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்த்த டொக்டர், மனசுக்குப் பார்க்கும் கிளினிக்குக்கும் அனுப்பினார். அங்கே இருந்த டொக்டர் அம்மா சிங்களத்தில் பொறுமையாக எனக்குச் சொன்னார். இது பெரிய மனச்சோர்வு, மாத்திரை வேலை செய்ய நாள் எடுக்கும், அதோடு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி எழும்ப வேண்டும், சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், சின்னதாக ஒரு வேலை செய்ய வேண்டும். இன்னும் ஒன்றும் சொன்னார். அவள் உயிரை வெறுத்துப் பேசினால் உடனே கூட்டி வரும்படி.

முதலில் சொன்னதை நான் தண்ணீரில் விழுந்தவன் கட்டையைப் பிடிப்பதைப் போலப் பிடித்துக்கொண்டேன். கடைசியாகச் சொன்னது அக்காவுக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்து குடியிருந்தது.

அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே கத்திகளை ஒளித்தேன். கொடிக்கயிற்றை அவிழ்த்தேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி, "துருப்பிடிச்சிருச்சு, புதுசு வாங்கணும்" என்று பொய் சொன்னேன். அந்தப் புதுத் தாழ்ப்பாள் இன்னும் வாங்கி முடியவில்லை. குளிக்கப் போகிறவர்கள் பாட்டுப் பாட வேண்டும் என்று சட்டம் போட்டேன். என் மனைவி போஞ்சிக்காயைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். ஈரத்துணியைக் கதிரை முதுகுகளில் காயப்போட்டாள்.

"வெங்காயத்த என்னாங்க செய்யிறது? பல்லால கடிச்சு போடவா?"

"அரைச்சு போடு."

கத்தியை எங்கே ஒளித்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. அதனால் சோற்றுப் பையில் போட்டுக் கடைக்கே கொண்டு போனேன். ஒரு நாள் முதலாளி, என் மனைவி வைக்கும் பருப்புக்கறிக்கு ஆசைப்பட்டுப் பையைத் திறந்தார். சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மூன்று கத்தி. அதற்குப் பிறகு அவர் என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இந்தக் கதையை அன்று பின்னேரமே அக்காவிடம் நடித்துக் காட்டினேன். அவள் உதட்டை விரித்து, "ம்" என்றாள். அந்த 'ம்' எனக்குப் போதுமாக இருந்தது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை திரும்பி வரும்.

பெரட்டு முடிந்ததும் விரலில் குத்தி இரத்தம் எடுப்பேன். முதல் நாள் அவளுடைய விரலில் குத்திவிட்டு மயங்கி விழுந்தது நான்தான். கண் திறந்தபோது அக்கா இரத்தம் சொட்டும் விரலோடு என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "கணக்கப்புள்ள கவுந்துட்டாரு" என்று மனைவியிடம் சொன்னாள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, புது வெடிப்பு ஏதும் உண்டா என்று பார்ப்பேன். கேழ்வரகில் சுட்ட குரக்கன் ரொட்டி. மாத்திரை. தலை சீவல். கடைசியாக அன்றைய 'மலை'யைப் பிரித்துக் கொடுப்பேன்: இன்றைக்குப் பருப்பு மலை, பொறுக்கிக் கல் எடு, இன்றைக்குத் தலையணை உறை மலை.

பின்னேரம் கடையிலிருந்து வந்ததும் கொழுந்து நிறுப்போம். என்ன செய்தாள், என்ன சாப்பிட்டாள், பாலம் வரைக்கும் நடந்தாளா. எல்லாம் சரியென்றால் முழுப் பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும், அதுதான் அன்றைய சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். அக்கா அரைப் பேர் வாங்கியதே இல்லை.

"முழுப் பேரு போடு ஐயா."

"போட்டாச்சு."

கிளினிக்குக்கும் நான்தான் கூட்டிப் போவேன். டொக்டர் அம்மா சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் அக்காவுக்குச் சொல்வேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி. அக்கா என் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கேன்" என்பாள். நான் அதைச் சிங்களத்தில் சொல்லும்போது கொஞ்சம் சீனி தூவிச் சொல்வேன். டொக்டர் அம்மா சிரிப்பார். அதே மாத்திரை தொடரும். நான் வெளியே வந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பேன், ஏதோ நானே டொக்டருக்குப் படித்ததைப் போல.

ஒரு நாள் பகல் பெருமழை. ரோட்டோரக் கான் நிரம்பிக் கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி கடையை மூடினார். நான் அக்காவுக்கு அவித்த கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. அக்கா அறையில் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பீப்பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். அரிசி வாளியைக்கூடத் திறந்தேன். அக்கா ஒல்லிதான், ஆனால் அவ்வளவு ஒல்லி இல்லை. வாய் தன்பாட்டுக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்போது பின் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது.

வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. மூச்சு முட்டி, இருமி, திரும்பவும் சிரிக்கிற சிரிப்பு. சின்ன வயதில் நான் அப்பாவின் செருப்பில் நடந்து காட்டும்போது அக்கா அப்படித்தான் சிரிப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கார ராத்தா வீடு. முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள்; எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் எல்லாருக்கும் அவர் ராத்தாதான். பின் தாழ்வாரத்தில் மெஷினைப் போட்டுச் சட்டை தைப்பார். நான் ஈரச் சுவரில் காதை வைத்தேன்.

"பையில கத்திய போட்டுக்கிட்டு கடைக்கு போறான் ராத்தா," அக்காவின் குரல். "மொதலாளி சோறுன்னு தொறந்து பாத்திருக்காரு."

"யா அல்லாஹ்! பெறகு?"

"பெறகென்ன, அன்னைலருந்து இவன வாங்க போங்கன்னு மரியாதையா பேசுறாராம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கதை. நான் சொன்னபோது ஒரு 'ம்' வாங்கிய கதை. அதை எடுத்துக்கொண்டு போய், என்னை விட நன்றாகச் சொல்லி, வேறு வீட்டில் சிரிக்கிறாள். எனக்கு எரிந்தது. ஆனால் அது ஆரம்பம்தான்.

மெஷின் நின்றது.

"சரி, இண்டைக்கு எப்பிடி ஈக்குது?" ராத்தாவின் குரல் இறங்கியிருந்தது.

"அப்படியேதான். காலையில கண்ண முழிச்சா, ஏன்தான் முழிச்சோம்னு வருது. செத்து கெடந்தா நல்லாருக்குமேன்னு வருது. செவுத்த பாத்துக்கிட்டே கெடப்பேன். பெறகு இவன் வந்து கத்துவான்."

"தம்பிக்கு இன்னம் சொல்லல்லையா?"

"அவனுக்கா? அவன் கேக்குறது ஆளு வந்திருக்கான்னு. வந்தாச்சுன்னு சொல்றேன். அதுல என்ன பொய் இருக்கு?"

"டொக்டருக்கு?"

"டொக்டரு கேக்குறதும் இவன் வாயால. நான் சொல்றதும் இவன் வாயால. இவன் மூஞ்ச பாத்துக்கிட்டு எப்படி ராத்தா அத சொல்றது? இவன் அங்கேயே விழுந்துருவான். பெறகு அவனுக்கு ஒரு கட்டில் தேடணும்."

திரும்பவும் சிரிப்பு. இந்த முறை சின்னதாக.

நான் சத்தமில்லாமல் வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே நின்று அக்காவுக்கு வாங்கிய கடலை முழுவதையும் நானே தின்றேன். பழிவாங்கலில் அவ்வளவுதான் எனக்கு வரும்.

தின்னத் தின்ன ஒவ்வொரு காலையாக எடுத்துப் பார்த்தேன். அந்த 'வந்தாச்சுங்க ஐயா' எல்லாம் எனக்குப் போட்ட கணக்கு. பருப்புக் கல், தலையணை உறை, முழுப் பேர், எல்லாம் எனக்காக ஆடிய நாடகம். நான் காலைக் கழுவுகிறேன். விரலிடுக்கைத் துடைக்கிறேன். இரத்தத்தைப் பார்த்து மயங்கி, மயங்கி எழும்பி, திரும்பக் குத்துகிறேன். கால் எனக்கு, மனசு ராத்தாவுக்கா? சட்டை தைக்கிறவருக்கா?

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து வந்து, குசினியில் கத்தரிக்கோலால் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கத்தரிக்கோலை நிறுத்தவே இல்லை.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்ணிக்கு இன்னும் அப்படித்தான் இருக்குன்னு."

"எப்ப இருந்து?"

"நீங்க கொடிக்கயித்த அவுத்த நாள்ல இருந்து."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்து எத அவுப்பீங்க? கூரையவா?" போஞ்சியைச் சட்டிக்குள் தள்ளினாள். "நான் அண்ணிகிட்ட நேரா கேட்டேன். உயிர மாய்ச்சுக்கிற எண்ணம் இருக்கான்னு. தோணுது, செய்ய மாட்டேன், செய்யணும்போல வந்தா உன்னையோ ராத்தாவையோ எழுப்புறேன்னு சொன்னாங்க. டொக்டர்கிட்ட சொல்லணும்னு நானும் கெஞ்சிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க ஒரு நாளாவது அப்படி கேட்டீங்களா?"

"நான்தான் தெனம் பெரட்டு கூப்பிடுறேனே!"

அவள் அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பினாள். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர், மூன்று பெண்களும் சேர்ந்து என்னை வெளியே வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். தாழ்ப்பாளைக் கழற்றியவனுக்கு வெளியே தாழ்ப்பாள்.

மறுநாள் காலை நான் கத்தவில்லை. குசினிக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அக்கா தானாக எழும்பி, தலைமுடி கலைந்தபடி வந்தாள்.

"என்னடா, இன்னைக்கு பெரட்டு இல்லையா?"

"கணக்கப்புள்ள ஸ்ட்ரைக்கு."

அவள் எதிரே உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"செவுத்துக்கு பின்னால நின்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"எதையெல்லாம்?"

நான் எவ்வளவோ கேட்க நினைத்திருந்தேன். இரவெல்லாம் வசனம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது இதுதான்: "எங்கிட்ட சிரிச்சதெல்லாம் பொய்யா?"

அக்கா கலைந்த முடியை அள்ளி முடிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"செத்து போகலாம்னு தோணுதுன்னு சொல்லியிருக்கேன். அதையும் கேட்டிருக்க. நீ சிரிப்ப பத்தி கேக்குற."

நான் மேசையைப் பார்த்தேன்.

"தம்பி, நான் பெரட்டுல நின்ன காலத்துல காச்சலான்னு யாராவது கேட்டாங்களா? வவுத்துல புள்ள தங்காம கலைஞ்ச மறுவாரமே வந்து நின்னேன். அன்னைக்கும் வந்தாச்சுன்னுதான் சொன்னேன். ஆளு வந்தா போதும் அவங்களுக்கு. நீயும் அதே மாதிரி கூப்பிடுற, எனக்கும் அதே வாய் வருது. வேற பதில் சொல்ல அந்த எடத்துல பழக்கம் இல்லடா."

"அது விளையாட்டுக்கு அக்கா. உன்ன சிரிக்க வைக்க."

"தெரியும். நீ பயந்து போயி கத்துறன்னும் தெரியும். உன் பயத்தையும் சேத்துத்தான் நான் தூக்கிக்கிட்டு எழும்புறேன்." சாயத்தண்ணிக்குக் கேத்தலை வைக்க எழுந்தவள், என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "இந்த தடவ கிளினிக்குக்கு ராத்தா வரட்டும். அவங்களுக்கு சிங்களம் நல்லா வரும்."

எனக்குச் சிங்களம் வராதா? பெயின்ட் கடையில் நான் என்ன ஊமைப் பாஷையா பேசுகிறேன்? கேட்கவில்லை. "அவங்களுக்கு தையல் இருக்குமே" என்றேன். "கேட்டுட்டேன்" என்றாள். அதையும் முதலிலேயே கேட்டுவிட்டாள்.

ஆனாலும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். கிளினிக் வாசலில் உட்கார நீள வாங்கு. அக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் பழக்கத்தில் நானும் எழும்பினேன். ராத்தா என் தோளை மெதுவாகத் தட்டினார்.

"நீங்க இருங்க தம்பி."

கதவு மூடியது. நான் இருந்தேன். நான் உள்ளே போன நாட்களில் கதவு மூடிய சூட்டிலேயே திறந்துவிடும். அன்று திறக்கவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் வாசித்தேன். டெங்கு நுளம்பைப் பற்றி இப்போது என்னிடம் என்ன கேட்டாலும் சொல்வேன். ஊழியர் ஒருவரிடம், டொக்டர் உள்ளேதான் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டேன். "ஐயா, நீங்களும் நம்பர் எடுத்திருக்கீங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

கடைசியில் வெளியே வந்தார்கள். ராத்தாவின் கண் சிவந்திருந்தது. அக்காவின் முகம் அழுது முடித்த முகம். வீங்கி, ஆனால் இறுக்கம் விட்டிருந்தது. அவளுடைய முழங்கையை ராத்தா பிடித்திருந்தார்.

"மாத்திரைய மாத்தியிருக்கிறாங்க," என்றார் ராத்தா. "அடுத்த கெழம திரும்ப வரச் சொன்னாங்க. அதுக்கு முந்தி மனசு மோசமானா, நேரம் பாக்காம வரட்டாம். இவ்வளவு நாளா ஏன் சொல்லல்ல எண்டும் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ராத்தா அக்காவைப் பார்த்தார். அக்கா ராத்தாவைப் பார்த்தாள்.

"மொழிபெயர்த்தவரு சரியில்ல எண்டு சொன்ன."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டொக்டர் அம்மாவும் சிரித்திருப்பார். நான் சிரிக்கவில்லை. நல்ல பகிடிதான், வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

"உள்ள என்ன பேசினீங்க?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"கேக்காத," என்றாள்.

பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் மாத்திரைப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கம்பியில் தொங்கினேன். பையில் பழைய மாத்திரையின் மிச்சமும் இருந்தது. அதைக் காலைதோறும் அவளுடைய உள்ளங்கையில் நான்தான் வைத்தேன், நல்லாயிருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு. அவர்களுடைய தலைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன. கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும் வரைக்கும் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்திகளைக் குசினியில் திரும்ப வைத்தேனா என்று கேட்பீர்கள். பெரியதை மட்டும் மனைவியிடம் கொடுத்து, அவளே பூட்டி எடுக்கட்டும் என்று அலுமாரிச் சாவியையும் கொடுத்தேன். பூட்டி வைப்பது நல்லதுதான் என்று டொக்டர் அம்மா ராத்தாவிடம் சொல்லியிருந்தாராம். அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். வெங்காயம் திரும்பவும் வட்ட வட்டமாக வந்தது.

கிளினிக்குக்குப் போன மறுநாள் காலை ஸ்ட்ரைக்கை முடித்துக்கொண்டேன். சாயத்தண்ணியோடு அறை வாசலில் நின்றேன். கணக்கப்பிள்ளைக் குரல் வரவில்லை. என் குரலில் கூப்பிட்டேன்.

"அக்கா. எப்படி இருக்க?"

கட்டில் கிறீச்சிடவில்லை. நான் நின்றேன். என் முகம் அந்த டின் இல்லாத நிறத்துக்குப் போவது எனக்கே தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடக் கால் துடித்தது. மனைவி குசினியிலிருந்து கையைக் காட்டினாள்: நில்லுங்க.

"இன்னைக்கு அரைப் பேரு போடு," என்றது உள்ளேயிருந்து.

இவ்வளவு காலமும் கேட்காத பதில்.

"உள்ள வரவா?"

"வா. பேசாத."

போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வாய்க்குள் பகிடி ஒன்று வந்து முட்டியது, விழுங்கினேன். இன்னொன்று வந்தது; அதையும் விழுங்கினேன். என்ன செய்வது என்று தெரியாமல், அவளுக்குக் கொண்டுபோனதை நானே குடித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் மெஷின் ஓட ஆரம்பித்தது. அக்காவின் தலை அந்தச் சத்தத்தின் பக்கம் மெல்லத் திரும்பியது. எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கவில்லை.